நார்த்ஃபீல்ட் வங்கிக் கொள்ளை: இரண்டு படங்களில் எதைப் பார்ப்பது?

1876 செப்டம்பர் 7. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்ட் என்ற சின்ன ஊர். எட்டுப் பேர் குதிரையில் வந்து அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியைக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பேர்போன கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ், அவன் அண்ணன் ஃபிராங்க். கோல், ஜிம், பாப் என்று யங்கர் குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேர். மற்ற மூவர் கூட்டாளிகள். ஏழு நிமிடம்தான். ஊர்க்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கியதும் கூட்டாளிகளில் இருவர் தெருவிலேயே செத்து விழுந்தார்கள். கையில் கிடைத்த பணம் முப்பது டாலர்கூட இல்லை.

இந்த ஏழு நிமிடத்தை மையமாக வைத்து வந்த படங்களில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1972இல் ஃபிலிப் காஃப்மன் இயக்கிய ‘தி கிரேட் நார்த்ஃபீல்ட் மின்னசோட்டா ரெய்ட்’. மற்றது, 1980இல் வால்டர் ஹில் இயக்கிய ‘தி லாங் ரைடர்ஸ்’. யாராவது ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

காரணம் நடிகர்கள். ஹில் அண்ணன் தம்பி வேடங்களுக்கு நிஜமான அண்ணன் தம்பிகளையே போட்டார். ஜேம்ஸ் சகோதரர்களாக ஜேம்ஸ் கீச், ஸ்டேசி கீச். யங்கர் சகோதரர்களாக டேவிட், கீத், ராபர்ட் என்று கேரடைன் வீட்டார் மூவர். கும்பலின் கூட்டாளிகளான மில்லர் சகோதரர்களாக குவெய்ட் வீட்டார், பின்னாளில் ஜெஸ்ஸியைக் கொன்ற ஃபோர்டு சகோதரர்களாக கெஸ்ட் வீட்டார். விளம்பரத்துக்குச் செய்த வேலை என்று முதலில் நினைக்கத் தோன்றும். படம் ஓட ஓட அந்த நினைப்பு போய்விடும். பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமலேயே பேசுகிறார்கள். ஒரே சாயல் முகங்கள், ஒரே மாதிரி தோள் சாய்வு. உறவை விளக்க வசனமே தேவைப்படவில்லை.

அப்புறம் அந்தத் தெருச் சண்டை. நீண்ட மேலங்கி அணிந்து நிதானமாக ஊருக்குள் வருகிறவர்கள் திரும்பும் பக்கமெல்லாம் குண்டு. ஹில் காட்சியை மெதுவாக்குகிறார், ஒலியையும் இழுத்துவிடுகிறார். குண்டு பாயும் ஓசை நீண்டு வந்து உடம்பில் இறங்குகிறது. தப்பிக்க வழியில்லாமல் குதிரைகளோடு கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தூள் பறக்கும் நொடிகளில் வீரம் என்று எதுவும் மிஞ்சவில்லை, வலி மட்டும்தான் தெரிகிறது. ரை கூடரின் இசை படம் முழுக்க அந்தக் காலத்து வீட்டு விசேஷங்களில் வாசித்ததைப் போலவே இருக்கிறது.

காஃப்மன் படத்துக்கு வேறொரு பலம் உண்டு. அது ஊரைக் கவனிக்கிறது. கோல் யங்கராக வரும் கிளிஃப் ராபர்ட்சன் நீராவி இயந்திரத்தைக் குழந்தைபோல வியந்து பார்க்கிறார். ஊர்க்காரர்கள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தை நின்று வேடிக்கை பார்க்கிறார். குதிரையும் துப்பாக்கியும் போதும் என்று வாழ்ந்தவன், காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டதை அங்கேதான் உணர்கிறான். ராபர்ட் டுவாலின் ஜெஸ்ஸியும் துணிச்சலான நடிப்பு: ஏழைகளின் தோழன் என்ற கட்டுக்கதையைக் கிழித்து, வெறி பிடித்த ஓர் ஆளை நிறுத்துகிறார். ஆனால் அந்தப் படத்தில் சகோதரர்கள் பெயரளவில்தான் சகோதரர்கள். ஜிம், பாப் இருவரையும் பிரித்து அடையாளம் வைத்துக்கொள்வதே சிரமம்.

இரண்டு படங்கள் மீதும் எனக்கு ஒரே மனத்தாங்கல் உண்டு. ஜோசப் லீ ஹேவுட் என்ற வங்கி ஊழியருக்கு இரண்டிலுமே போதிய இடமில்லை. பெட்டகத்தில் குறித்த நேரத்தில் மட்டுமே திறக்கும் நேரப் பூட்டு இருக்கிறது, திறக்க முடியாது என்று கடைசிவரை மறுத்து உயிரைவிட்டவர் அவர். உண்மையில் பெட்டகம் பூட்டப்படவே இல்லை. கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. இதைவிடப் பெரிய காட்சி எந்தத் திரைக்கதையாசிரியருக்குக் கிடைக்கும்? தெருவில் குண்டடிபட்டுப் பின்னர் இறந்த நிக்கோலஸ் கஸ்டாஃப்சன் சுவீடனிலிருந்து பிழைக்க வந்தவர். நார்த்ஃபீல்ட் ஊர் இவர்களை மறக்கவில்லை. அந்த வங்கிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம், ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்றதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

கொள்ளைக்குப் பிறகு நடந்ததில்தான் ஹில் படம் வெகுதூரம் முந்திவிடுகிறது. இரண்டு வாரத் துரத்தலுக்குப் பின் யங்கர் சகோதரர்கள் மூவரும் காயங்களோடு பிடிபட்டார்கள், ஜேம்ஸ் சகோதரர்கள் தப்பினார்கள். இது வரலாறு. படத்தில், காட்டுக்குள் அடிபட்டுக் கிடக்கும் யங்கர்களை விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்கிறான் ஜெஸ்ஸி. ஃபிராங்குக்கு மனமில்லை, ஆனாலும் தம்பியோடு போகிறான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஸ்டேசி கீச்சின் முகத்தில் அதைப் பார்க்கலாம். 1882இல் ஜெஸ்ஸி முதுகுப்புறமிருந்து சுடப்பட்டுச் செத்தபின் ஃபிராங்க் சரணடைய வருகிறான். துப்பாக்கியை ஒப்படைக்க அவன் கேட்பது ஒன்றே ஒன்று: தம்பியை அடக்கம் செய்ய அனுமதி.