சூரிய ஆய்வகமா, குறிஞ்சி ஆண்டவரா?

கொடைக்கானலில் கையில் ஒரே ஒரு காலைப்பொழுது. சித்தப்பா குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்றார், நான் சூரிய ஆய்வகம் என்றேன். கடைசியில் இரண்டுக்கும் போனோம், ஒரே காரில், சண்டை போட்டுக்கொண்டே.

ஆய்வகத்துக்கு வயது அதிகம்: 1899. சூரியப் புள்ளிகளில், அதாவது சூரியன் மேல் தெரியும் கருந்திட்டுகளில், வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கேதான் கண்டார். கோயில் 1936-இல் வந்தது. கட்டியவர் லீலாவதி ராமநாதன், ஆஸ்திரேலியாவில் பிறந்து இலங்கைத் தமிழரை மணந்தவர். முருகனுக்கு விசா பிரச்சினை இருந்ததே இல்லை போலும்.

உண்மையான போட்டி காலண்டரில்தான். சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைய சுமார் 11 வருஷம். அந்த ‘சுமார்’ முக்கியம்; சில சுற்று முன்னே வரும், சில பின்னே போகும். குறிஞ்சியோ 12 வருஷத்துக்கு ஒருமுறை: 2006, 2018, அடுத்து 2030. “பார்த்தியா, உங்க சூரியன் லேட்டா வரும், எங்க முருகன் பூ கரெக்டா வரும்” என்றார் சித்தப்பா. பூ தாவரவியல் கணக்கில் சேரும் என்றேன். “செடிக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தது யாருடா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பனிமூட்டம் மட்டும் கட்சி பார்க்கவில்லை. ஆய்வகத்தில் சூரியன் தெரியவில்லை. கோயிலில் பழனி மலை தெரியவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு சித்தப்பா போனில் வானிலை பார்த்தார். நான், யாரும் பார்க்காதபோது, மேகம் விலக முருகனை வேண்டிக்கொண்டேன்.