நிழல் பாடத்துக்குக் குச்சியா, குளோபா, வீடியோவா?

நாலாம் வகுப்புக்கு நிழல் பாடம் எடுக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே கைக்கெட்டுவது மூன்று: ஸ்மார்ட் கிளாஸ் வீடியோ, பீரோ மேல் தூசி படிந்த குளோபும் ஒரு டார்ச்சும், அப்புறம் ஒரு மீட்டர் குச்சி.

வீடியோ சுலபம். வெயிலும் வேண்டாம், மேகமும் கெடுக்காது. பூமி சுழல்வதை வெளியே நின்று பார்க்க வேறு வழியும் கிடையாது. ஆனால் டெல்லி மாதிரி ஊரை வைத்து எடுத்த வீடியோ என்றால், நண்பகல் நிழல் வருஷம் முழுக்க வடக்கேதான் விழும். மதுரையில் அப்படியில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே உச்சி வெயில் நிழல் தெற்கே சாயும். ஒரு மீட்டர் குச்சிக்கு ஜூனில் தெற்கே சுமார் 24 செ.மீ., டிசம்பரில் வடக்கே சுமார் 66 செ.மீ. திரையில் பார்த்தது ஒன்று, வாசலில் கிடப்பது இன்னொன்று என்றால் பிள்ளைகள் திரையைத்தான் நம்புவார்கள்.

குளோப், டார்ச் நல்ல ஜோடி. ஆனால் முன்னால் நிற்கும் நாலு பேருக்குத்தான் தெரியும். ஜன்னலை அடைத்தால் புழுக்கம் வேறு.

குச்சிக்குத்தான் என் ஓட்டு. சிமெண்ட் தரையில் ஒரு வாளி மணலில் நட்டு, அரை மணிக்கொரு தரம் நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி. இரண்டாவது புள்ளிக்கே பஞ்சாயத்து வரும்: "டீச்சர், யாரோ வாளியை நகத்திட்டாங்க!" வாளியைச் சுற்றிக் கோடு போட்டு, இரண்டு பேரைக் காவலுக்கு வைத்தால் அவர்களே சோதனை நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். குறையும் உண்டு. ஒரு பீரியடில் முடியாது. கணக்குப் பாடத்திலும் கொஞ்சம் நேரம் கடன் வாங்க வேண்டும்.

ஆக, குச்சி முதலில். ஏன் நகர்ந்தது என்று அவர்கள் கேட்ட பிறகு குளோப். வீடியோ கடைசியில்.

பன்னிரண்டு மணிக்குத் தினமும் நிழல் மறையும் என்று பெரியவர்களே சொல்வார்கள். மதுரையில் அது வருஷத்துக்கு இரண்டே தடவை, அதுவும் 12.20-ஐ ஒட்டி. ஏப்ரல் தேதி பரீட்சை, லீவு என்று போய்விடும். ஆகஸ்ட் கடைசி வாரம்தான் தோது. அன்று மேகம் மூடினாலும் கவலை இல்லை. முந்தின நாளும் மறுநாளும் நிழல் ஒரு செ.மீ.கூட இருக்காது.