ரசீதுக்கு ஒரு பேனா, பரீட்சைக்கு ஒரு பேனா

குமரி மாவட்டத்தில் குலசேகரத்திற்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையில் உறைந்துபோன ரப்பர் பால்) எடைபோட்டு வாங்கும் கடையொன்றில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். நாளொன்றுக்கு அறுபது எழுபது ரசீதுகள், ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து இரண்டு நகல்கள், மாலையில் பேரேட்டில் நான்கைந்து பக்கங்கள் என்று என் கை ஓய்வதில்லை. வீட்டில் மகள் பிளஸ் டூ படிக்கிறாள்; அவளும் என் அளவுக்கு எழுதுகிறாள். இருவருக்கும் ஒரே பேனாவை டஜன் கணக்கில் வாங்கிவிட்டால் வேலை எளிது என்று நினைத்துத்தான் கடந்த ஜூன் மாதத்தில் இந்தச் சோதனையைத் தொடங்கினேன். ஆனி ஆடி மழையும் ஐப்பசி மழையும் முடிந்த பிறகு, ஒரே பேனா என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். சோதித்த பேனாக்கள் எல்லாம் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் என் காசில் வாங்கியவை.

பேனா வாங்கும்போது நாம் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. கடைக்காரர் நீட்டுகிற கிறுக்கல் தாளில் நம் கையெழுத்தைப் போட்டுப் பார்த்து, எது வழுக்கிக்கொண்டு ஓடுகிறதோ அதை எடுத்து வருகிறோம். அந்தத் தாள் நல்ல வழவழப்பான தாள். மின்விசிறிக் காற்றில் காய்ந்து கிடப்பது. அடியில் ஐம்பது தாள் மெத்தை போல இருக்கும். அதில் ஜெல் பேனா எப்போதும் ஜெயிக்கும். நாம் எழுதப் போவதோ மழைக்காலத்தில் நமுத்துப்போன பில் புத்தகத்தில். ஆகவே இரண்டாவது முறை கடைக்குப் போகும்போது, எங்கள் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு செட் தாளையும் ஒரு துண்டு கார்பனையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பேப்பரையும் வீட்டிலேயிருந்து கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆனால் பத்துப் பேனாக்களில் ஆறு அந்த ஐந்து நிமிடத்திலேயே கழிந்து போயின.

கழிந்தவற்றில் ஐந்து ஜெல் பேனாக்கள். காரணம் கார்பன்தான். மூன்றாவது தாளில் எழுத்து விழ வேண்டுமென்றால் முனை அழுந்த வேண்டும். ஜெல் பேனாவோ தாளைத் தொட்டதும் மை இறங்குகிற பேனா. அழுத்தாமல் எழுதுவதற்காகவே செய்தது. வலிந்து அழுத்தினால் மேல் தாளில் மை குளம் கட்டும், அடித்தாளில் 'கிலோ' என்பதில் 'கி' மட்டும் மங்கலாகத் தெரியும். பந்துமுனைப் பேனாவின் கதை வேறு. அதன் மை எண்ணெய் சேர்ந்த கெட்டி மை. அச்சு மை சீக்கிரம் காய்வதைக் கண்ட ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பீரோ, அது சாதாரண மைப்பேனாவில் ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால், முனையில் உருளும் குண்டு ஒன்றை வைத்து 1938இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கெட்டித்தன்மையை நாம் குறையாகச் சொல்கிறோம். ரசீது எழுதுகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் கடைக்கென்றே இன்னொரு சங்கடமும் உண்டு. புகைபோட்ட ஷீட்டைப் புரட்டிப் பார்த்துத் தரம் பிரித்த கையோடு ரசீதுப் புத்தகத்தைத் தொடுவதால், தாளில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு ஒட்டிக்கொள்கிறது. ஜெல் மை தண்ணீரில் ஆன மை. பிசுக்கின் மீது அது ஏறாது. 'ஷீட் 42.5' என்று எழுதிக்கொண்டே போனால் இடையில் புள்ளியும் ஐந்தும் காணாமல் போய், நாற்பத்திரண்டு என்று நிற்கும். அரைக் கிலோ ஷீட்டின் விலைக்காக ஒருவரிடம் நான் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. எண்ணெய் மை அந்த இடத்தையும் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறது. மீன் விற்பவர், பலகாரக் கடைக்காரர், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

ஆகவே ரசீதுக்கு நான் திரும்பிப் போனது பழைய ரெனால்ட்ஸ் 045க்குத்தான். வெள்ளை உடம்பும் நீல மூடியும் கொண்ட அந்தப் பேனாவைத் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. உடம்பில் 'ஃபைன் கார்ப்யூர்' என்று அச்சிட்டிருக்குமே, அந்தக் கார்ப்யூர் என்பது கார்பைடுக்கு ஃபிரெஞ்சுச் சொல். முனைக் குண்டு டங்ஸ்டன் கார்பைடால் ஆனது, எளிதில் தேயாது. இந்தப் பேனாவில் எழுதினால் மூன்றாவது தாளிலும் எண்கள் தெளிவாக விழுகின்றன. முதல் எழுத்துக்கு ஒரு கிறுக்கல் தேவைப்படும் என்பதும், ஐம்பதாவது ரசீதுக்கு மேல் நடுவிரலின் தழும்பு வலிக்கும் என்பதும் உண்மைதான்.

லிங்க் பென்டானிக், செல்லோ பட்டர்ஃப்ளோ போன்றவை இந்த வலிக்கு மருந்தாக வந்தவை. இவையும் பந்துமுனைப் பேனாக்களே. ஆனால் மை இளகலானது. 0.7 மில்லிமீட்டர் பென்டானிக் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. பேரேடு எழுத இதைவிடத் திருப்தியான பேனா என் மேசைக்கு வரவில்லை. தடித்த தாள், அடியில் கார்பன் இல்லை, பக்கம் பக்கமாக எண்கள்: இந்த வேலைக்கு அது பிறவிப் பேனா. ரசீதில் மட்டும் கை தன்னையறியாமல் இலகுவாகிவிடுவதால் மூன்றாம் தாள் வெளிறிப் போகிறது. குறை என் கையில்தான் என்றாலும் ரசீது ரசீதுதானே.

இளகிய மைக்குப் பந்துமுனையில் ஒரு தொல்லை உண்டு: கக்குவது. குண்டு உருளும்போது தாளில் இறங்காத மை ஓரத்தில் சேர்ந்து சேர்ந்து, ஏதாவது ஒரு எழுத்தின் வளைவில் சொட்டாக இறங்கும். வெயில் ஏறினால் இது அதிகமாகும். சித்திரை மாதத்தில் ஒரு பேனா என் வெள்ளைச் சட்டைப்பையில் கக்கிய மை, ஊறவைத்து அலசியும் போகாமல் வெளிர்நீல வட்டமாக இன்றும் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பேனா கெட்டால் ஒரு டஜனும் கெட்டது என்று ஆகாது.

இனி ஜெல். இதில் எனக்குப் பாதி விரோதமும் பாதி வியப்பும் உண்டு. ஜப்பானின் ஒசாகாவிலுள்ள சகுரா நிறுவனம் 1984இல் கொண்டுவந்த மை இது. கூழ்போல நிற்கும், குண்டு உருண்டு அதை அலைக்கும்போது மட்டும் இளகி ஓடும், தாளில் இறங்கியதும் மறுபடியும் கூழாகும். தயிரைக் கலக்கினால் இளகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதனால்தான் அழுத்தாமலே அடர்த்தியாக எழுதுகிறது. ஆனால் அடர்த்தி தமிழுக்கு எப்போதும் நல்லதல்ல. மூன்று சுழி 'ண', 'ஞ', 'ணை' ஆகியவற்றை 1.0 மில்லிமீட்டர் ஜெல்லில், நமுத்த நோட்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். சுழிகளின் கண்கள் அடைந்து, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று படிப்பவர் எண்ண வேண்டியிருக்கும். தமிழில் சிறிதாக எழுதுகிறவர்களுக்கு 0.5க்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. மழைக்காலத்தில் 0.5 முனையே 0.7 போலத்தான் விழும், தாள் அந்த அளவுக்கு மையை இழுத்துக்கொள்கிறது.

மகளுக்கு இந்த வாதம் எதுவும் எடுபடவில்லை, அவளுடைய தேர்வு ஜெல்தான். மூன்று மணி நேரத் தேர்வில் முப்பது பக்கம் எழுதுகிறவளுக்கு விரல் வலிக்காததே முதல் தகுதி என்கிறாள். விடைத்தாளும் எங்கள் பில் புத்தகத்தைப்போல மட்டமான தாள் அல்ல. கிளாஸ்மேட் ஆக்டேன், ரெனால்ட்ஸ் ட்ரைமேக்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, ஊசி முனை கொண்ட ட்ரைமேக்ஸில் நின்றுவிட்டாள். அவள் இடக்கைக்காரி. எழுதிய வரியின் மீதே அவள் கை நகர்வதால், மை எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதற்கு அவளுடைய சுண்டுவிரல் ஓரத்தைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மழை நாட்களில் அந்த ஓரம் கறுத்தும் வெயில் நாட்களில் ஓரளவு சுத்தமாகவும் இருந்தது. பைலட் வி5யையும் வாங்கிக் கொடுத்தேன். அதை ஜெல் என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அதிலிருப்பது நீர் போன்ற திரவ மை. நல்ல தாளில் அதன் மெல்லிய கோட்டுக்கு இணை இல்லை. விலை கேட்டதும் அவளே, "வேண்டாம்ப்பா, தொலைச்சிருவேன்" என்று வைத்துவிட்டாள்.

தேர்வுக்குப் போகிறவர்கள் மையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நம் பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே நீலம் அல்லது கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தச் சொல்லி அச்சிட்டிருக்கும். டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளின் ஓஎம்ஆர் தாளுக்குக் கறுப்புப் பந்துமுனைப் பேனாதான்; ஜெல்லை வைத்து வட்டத்தை நிரப்பிவிட்டு அது ஈரமாக இருக்கும்போதே தாளைத் திருப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஜெல் பேனாவைக் கீழே போடக் கூடாது. முனை தரையில் குத்தினால் குண்டுக்குப் பின்னால் காற்று புகுந்துவிடும். ரீஃபில் நிறைய மை இருந்தும் பேனா எழுதாது, உதறினாலும் பயன் இல்லை. சுவரில் தாளை வைத்து எழுதினாலும் இதே கதிதான். தராசுக்கு எதிரிலுள்ள தூணில் தாளை வைத்து எடை குறிக்கும் பழக்கத்தால் நானே இரண்டு ஜெல் பேனாக்களைக் கொன்றிருக்கிறேன். பந்துமுனையும் தலைகீழாக எழுதாதுதான். ஆனால் நிமிர்த்திப் பிடித்து இரண்டு கிறுக்கு கிறுக்கினால் பெரும்பாலும் மீண்டு வரும்.

காசோலையில் மட்டும் நான் கட்சி மாறுவேன். பந்துமுனை மையின் சாயம் சில கரைப்பான்களில் கரைந்துவிடும். நிறமித்துகள் கலந்த ஜெல் மை தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால் அதை அழித்துத் தொகையை மாற்றுவது கடினம். ஆகவே கடைக் காசோலைகளுக்கு ஒரு கறுப்பு ஜெல் பேனாவைக் கல்லாவில் தனியாக வைத்திருக்கிறேன். அழித்து எழுதக்கூடிய ஃபிரிக்ஷன் வகைப் பேனாவை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் மை ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் நிறமிழப்பது. அதில் எழுதிய ரசீதை கோடை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து வெறும் தாளைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

செலவுக் கணக்கு சுருக்கமானது. ஒரு பந்துமுனை ரீஃபில் எனக்கு ஓடும் காலத்தில் ஜெல் ரீஃபில் மூன்றாவது தீர்ந்துவிடுகிறது. ரீஃபில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேனாவை வாங்குவது நல்லது. கிடைக்கும் என்றே சொல்வார்கள், அந்த ரீஃபிலை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது என் மேசையில் ரசீதுக்கு ஒரு 045, பேரேட்டுக்கு ஒரு பென்டானிக், கல்லாவுக்குள் அந்தக் கறுப்பு ஜெல். நான்காவது, ஷீட் கொண்டு வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு. தமிழில் ஒருவர், மலையாளத்தில் ஒருவர், பெருவிரல் மையோடு ஒருவர் என்று வருகிற இடத்தில் மூடி வைத்த பேனா ஒரு வாரம் தாங்குவதில்லை. மூடி ஒருவர் பையிலும் பேனா இன்னொருவர் காதிலும் போய்விடும். அதனால் அங்கே மூடியில்லாத டிக் பேனா, கடையில் இருப்பதிலேயே மலிவானது, கிளிப்பில் சணல் கயிறு கட்டி மேசைக்காலில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் கயிறு இரண்டு முறை மாறிவிட்டது, பேனா இன்னும் அதேதான்.