வின்ஃபார்ம்ஸோடு 16 வருடம்: பிரிண்ட் பட்டனைக் காணோம்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவன் கூப்பிட்டான். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் அவன் மச்சான் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறார். அவருக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தர வேண்டுமாம். "நீதான் இத்தனை வருஷமா வின்ஃபார்ம்ஸ்லயே கிடக்கறியேடா. இப்ப புதுசா ஆரம்பிச்சா அதுல ஆரம்பிக்கலாமா, இல்ல எலெக்ட்ரான் பக்கம் போயிடட்டுமா?" என்றான். வின்ஃபார்ம்ஸ் என்பது கட்டமும் பட்டனும் வைத்த விண்டோஸ் திரைகளைச் செய்ய மைக்ரோசாஃப்ட் கொடுத்த கருவி; எலெக்ட்ரான், வெப் பக்கம் எழுதுவதுபோல டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதும் வழி. இருபது நிமிடம் வின்ஃபார்ம்ஸைத் திட்டித் தீர்த்தேன். போனை வைத்த பிறகு, இத்தனை வருடம் சோறு போட்டதை இப்படியா பேசுவது என்று உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். நடுவில் மறுபடி கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வின்ஃபார்ம்ஸின் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தின் முதல் பதிப்போடு வந்தது, 2018 டிசம்பரில் ஓப்பன் சோர்ஸ் ஆனது, அடுத்த வருடம் டாட்நெட் கோர் 3.0க்குள்ளும் நுழைந்தது. நடுவில் எத்தனையோ பேர் அதற்குக் கருமாதி தேதி குறித்துவிட்டார்கள்; அது இன்னும் சாகவில்லை. நான் அதைக் கையில் எடுத்தது 2009இல். கலாசிபாளையத்தில் நாமக்கல்காரர் ஒருவரின் லாரி புக்கிங் ஆபீஸுக்காக. எல்.ஆர். (லாரி ரசீது) போட ஒரு ஃபார்ம்: அனுப்புபவர், பெறுபவர், எத்தனை உருப்படி, எடை, வாடகை, பெய்டா டு-பேயா (வாடகை கட்டியாயிற்றா, பெறுபவர் கட்டுவாரா). அடித்து முடித்தால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மூன்று காப்பி கறகறவென்று தள்ளும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு பையன் கிளார்க். மவுஸையே தொட மாட்டான். ஒரு காதில் போன், வாசலில் நிற்கும் டிரைவரோடு பேச்சு, விரல்கள் மட்டும் டேப், டேப், என்டர் என்று ஓடிக்கொண்டிருக்கும். திரையைப் பார்க்காமலே எல்.ஆர். போடுவான். அவன் விரல் வேகத்துக்கு ஈடுகொடுத்த வேறு எதையும் நான் எழுதியதில்லை. ஒருமுறை அதே ஃபார்மை வெப்பில் செய்து காட்டினேன். பத்து நிமிடம் அடித்துப் பார்த்துவிட்டு, "இது யோசிச்சு யோசிச்சு நகருதுண்ணா" என்றான். டாட்நெட் 3.5இல் எழுதியதை 4.8க்கு மாற்றிய அன்று நான்கு வார்னிங் வந்தது, எரர் ஒன்றுகூட இல்லை. எக்ஸ்பியில் பிறந்த சாஃப்ட்வேர் இன்று விண்டோஸ் 11இல் அப்படியே ஓடுகிறது. இதற்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்தான்.

சரி, கும்பிட்டாயிற்று. இனி என் குறை.

மூன்று வருடத்துக்கு முன் என் பழைய லேப்டாப்பின் கீல் உடைந்தது. பழுதுபார்க்கக் கேட்ட காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதே வாங்கிவிட்டேன். பதினான்கு அங்குலம், 1920க்கு 1080. விண்டோஸ் தானாகவே ஸ்கேலிங்கை, அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை, 150% என்று வைத்திருந்தது. எழுத்து பளிச்சென்று இருந்தது, எனக்கும் நாற்பதைத் தாண்டிய கண்; அப்படியே விட்டுவிட்டேன். அந்த வாரம் முதலாளி கேட்ட ஒரே மாற்றம், ஃபார்மில் 'வண்டி எண்' என்றிருப்பதை 'லாரி எண்' என்று ஆக்க வேண்டும். ஒரு சொல். கோட் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில், ஃபார்மை வரைந்து அமைக்கும் டிசைனரைத் திறந்தேன், சொல்லை மாற்றினேன், சேமித்தேன், பில்டு போட்டேன், இரவே அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை எட்டரைக்கு போன். "ஏனுங்க தம்பி, பிரிண்ட் பட்டனத் தூக்கி எங்க வெச்சீங்க? இங்க நாலு லாரி நிக்குதுங்க."

போய்ப் பார்த்தால், வலது ஓரத்தில் இருந்த பட்டன்கள் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தன. 'பிரிண்ட்' என்பதில் 'பி' மட்டும் எட்டிப் பார்த்தது. வாடகைக் கட்டத்தின் மேல் எடைக் கட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, கோடில் எது மாறியது என்று காட்டும் கிட்டில் பார்த்தேன். நான் மாற்றியது ஒரு சொல். டிசைனர் ஃபைலில் மாறியிருந்தது நானூற்றுச் சொச்சம் வரி. ஒவ்வொரு கட்டத்தின் அளவும், ஒவ்வொரு லேபிளின் இடமும்.

நடந்தது இதுதான். விண்டோஸுக்கு 100% என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளி, 150% என்றால் 144. வின்ஃபார்ம்ஸ் வழக்கமாக எழுத்துருவை வைத்துக் கணக்குப் போடும். பழைய ஃபார்ம்களுக்கெல்லாம் 'மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25' தான் இயல்பான எழுத்து. 96இல் அதன் சராசரி அளவு 6 பிக்சல் அகலம், 13 உயரம். அந்த 6, 13 டிசைனர் ஃபைலில் 'ஆட்டோஸ்கேல்டைமென்ஷன்ஸ்' என்ற வரியில் இருக்கும். 144 வைத்த கம்ப்யூட்டரில் திறந்தால், டிசைனர் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பெருக்கிக் காட்டும். சும்மா பார்த்துவிட்டு மூடினால் பிழைத்தீர்கள். ஏதாவது ஒன்றை மாற்றிச் சேமித்தால், பெருக்கிய அளவுகளையே ஃபைலில் எழுதிவிடும். 6, 13 போய் 9, 20 வந்துவிடும்.

ஓடும்போது 96 உள்ள கம்ப்யூட்டரில் அதே விகிதத்தில் சுருங்கிவிடுமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ஃபார்ம் 1340 பிக்சல் அகலம். அங்கிருந்த 1366 திரைக்காக அளந்து வைத்தது. ஒன்றரை மடங்கு என்றால் 2010. என் திரையே 1920தான். டிசைனர் ஃபார்மைத் திரை அளவுக்கு நறுக்கிவிட்டது, உள்ளே இருந்த பட்டன்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டது. சுருங்கி வந்தபோது வலது பக்கம் ஐம்பது பிக்சல் போல அம்பேல். பிரிண்ட் பட்டன் அந்த ஐம்பதில்தான் குடியிருந்தது.

நியாயமாகச் சொன்னால் இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. டிசைனரைத் திறக்கும்போதே மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும்: உன் திரையின் ஸ்கேலிங் 150%, விஷுவல் ஸ்டுடியோவை 100%இல் மறுபடி திறக்கிறாயா என்று. வந்தது. எக்ஸ் போட்டு மூடியது நான்தான். ஆனால் ஒரு கேள்வி. ஒரு சொல்லை மாற்றியவன் நானூறு வரியை மாற்ற நினைத்திருக்க மாட்டான் என்று தெரியாதா? பார்க்கக் கொடுத்த புடவையைத் தைத்தும் கொடுத்துவிட்ட டெய்லர் மாதிரி இது. மஞ்சள் பட்டை காட்டினேனே என்றால் ஆயிற்றா?

இதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் வேடிக்கை. ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், அதில் 125%. என் சாஃப்ட்வேர் மங்கலாகத் தெரிந்தது. காரணம் எளிது: 'எனக்கு டிபிஐ (அந்த அங்குலத்துக்கு இத்தனை புள்ளிக் கணக்கு) தெரியும்' என்று சொல்லாத சாஃப்ட்வேரை விண்டோஸ் 96இல் வரைந்து, படத்தை இழுப்பதுபோல இழுத்துக் காட்டும். கௌரவப் பிரச்சினையாகிவிட்டது எனக்கு. சாஃப்ட்வேர் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் 'தெரியும்' என்று அறிவித்தேன். எழுத்து கண்ணாடிபோல ஆனது, அமைப்பு கலைந்தது. 125%இல் அந்த 6, 13 என்பது 8, 16 ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலம் 33% கூடுகிறது, உயரம் 23% தான் கூடுகிறது. சதுரமாக இருந்ததெல்லாம் சப்பையானது. கிரிட்டின் (அட்டவணையின்) வரிசை உயரம் மட்டும் பழைய அளவிலேயே நின்று, பெரிதான எழுத்தின் காலை வெட்டியது.

கிளார்க் பையன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள், "பழைய மங்கலே நல்லா இருந்துச்சுண்ணா. எழுத்து மங்குனா பரவால்ல, கட்டம் இருந்த எடத்துல இருக்கணும்" என்றான். மேனிஃபெஸ்ட்டை எடுத்துவிட்டேன். இப்போது அங்கே எக்ஸ்இ ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், ஹை டிபிஐ அமைப்பில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்று வைத்திருக்கிறோம். விண்டோஸ் 10இல் 2017 வாக்கில் வந்த வசதி. அமைப்பு அப்படியே இருக்கிறது, எழுத்தும் ஓரளவு தெளிவு. பத்து வரி கோட்கூட இல்லை, ஒரு டிக் மார்க். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம்.

மற்ற தொல்லைகளும் உண்டு, ஆனால் அவற்றோடு எனக்குப் பகை இல்லை, ஏனென்றால் அவை என் தப்பு. பீன்யாவில் ஒரு பட்டறையில் எடை மெஷினை காம் போர்ட்டில் (சீரியல் போர்ட்) இணைத்தேன். சீரியல் போர்ட்டின் 'டேட்டா ரிசீவ்டு' வேறு த்ரெட்டில் வரும், அதாவது திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு வேலையில். அங்கிருந்து டெக்ஸ்ட்பாக்ஸைத் தொடக் கூடாது. டீபக்கரில் ஓட்டினால் 'கிராஸ்-த்ரெட்' என்று உடனே எரர் வரும், வெளியே ஓட்டினால் வழக்கமாக வராது, வேறு எதையாவது கிறுக்குத்தனமாகச் செய்யும். 2010இல் அந்தச் சோதனையையே ஃபால்ஸ் போட்டு அணைத்தவன் நான். அதற்கப்புறம் 'இன்வோக்' போட்டேன்; அது வேலையை மெயின் த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு முடியும்வரை காத்திருக்கும். ஃபார்மை மூடும்போது சிலநாள் உறைந்து நின்றது. போர்ட்டை மூடுகிற மெயின் த்ரெட் அந்த ஹேண்ட்லர் முடியட்டும் என்று காத்திருக்க, ஹேண்ட்லர் மெயின் த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். கொடுத்துவிட்டுக் காத்திருக்காத 'பிகின் இன்வோக்' என்று மாற்றியதும் தீர்ந்தது.

இன்னொன்று, மாலை நான்கு மணியானால் கிரிட் இருக்கும் இடத்தில் பெரிய சிவப்பு பெருக்கல் குறி. காலையில் வராது, சாயங்காலம் மட்டும். பேய் என்றே நினைத்தேன். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (திரையில் வரைய விண்டோஸ் கொடுக்கும் சாமான்கள்) என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு எல்.ஆருக்கும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஓடும் ஒரு சாஃப்ட்வேருக்கு இயல்பான வரம்பு 10,000; அது தீர்ந்தால் வரைய முடியாமல் சிவப்புக் குறி. 'ஷோ டயலாக்' போட்டுத் திறந்த ஃபார்ம் மூடினாலும் தானாக டிஸ்போஸ் ஆகாது, வாங்கியதைத் திருப்பித் தராது. அதைச் செய்ய வைக்கும் 'யூஸிங்' நான் போடவில்லை. ஒரு வரி. தேதிச் சமாச்சாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மாதத்தின் 12ஆம் தேதி வரை ஒழுங்காக ஓடி, 13ஆம் தேதி காலையில் செத்துப்போனால் கம்ப்யூட்டரின் ரீஜனல் செட்டிங்கைப் பாருங்கள், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஆக்சஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு அதைப் படிக்கும் ஜெட் ப்ரொவைடர் பதிவாகவில்லை என்று வந்தால், ப்ராஜெக்ட்டை 'எனி சிபியு'விலிருந்து எக்ஸ்86க்கு (32 பிட்) மாற்றுங்கள். பழைய ஜெட்டுக்கு 64 பிட் கிடையாது.

இவையெல்லாம் ஒருமுறை கண்டுபிடித்தால் தீர்ந்தது. ஸ்கேலிங் அப்படியில்லை. இன்றும் ஒவ்வொரு முறை டிசைனரைத் திறக்கும்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு சொல்லை மாற்றத்தான் வேண்டுமென்றால் டிசைனர் ஃபைலை நோட்பேடில் திறந்து மாற்றுகிறேன். விஷுவல் ஸ்டுடியோ ஷார்ட்கட்டில் 'நோஸ்கேல்' என்று சேர்த்தும் பார்த்தேன். ஃபார்ம் பத்திரமாக இருந்தது, ஆனால் கோட் முழுக்க மங்கலாகி நாலு மணி நேரத்தில் தலைவலி. விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.8இலிருந்து டிசைனரை மட்டும் 96இல் வைத்திருக்க ப்ராஜெக்ட் ஃபைலில் ஒரு வரி எழுதலாம். புதிய டாட்நெட் ப்ராஜெக்ட்டுகளில் நன்றாக வேலை செய்கிறது. என் பிழைப்பு பழைய டாட்நெட் ஃப்ரேம்ஒர்க் 4.8இல் ஆயிற்றே. புதிய ஃபார்ம்களை, கட்டங்களைத் தானே வரிசையாக அடுக்கும் டேபிள் லேஅவுட் பேனலில்தான் போடுகிறேன், பிக்சல் கணக்கே வைப்பதில்லை. யூசர் கன்ட்ரோல்களுக்கு (ஃபார்முக்குள் வைக்கும் குட்டி ஃபார்ம்கள்) ஆட்டோஸ்கேல்மோடை 'இன்ஹெரிட்' என்று வைத்துவிட்டால் இரண்டு முறை பெருக்குவதும் நின்றுவிடுகிறது. பழைய எல்.ஆர். ஃபார்மை அப்படி மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பையனின் டேப் வரிசை கலைந்தால் கலாசிபாளையத்துக்குள் கால் வைக்க முடியாது.

கடைசியில் நான் செய்த தீர்வைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒரு பழைய இருபத்திரண்டு அங்குல மானிட்டரை 3,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். 100% ஸ்கேலிங். டிசைனரைத் திறக்க வேண்டிய நாளில் அதை மெயின் டிஸ்ப்ளே ஆக்கி, லாக்-ஆஃப் செய்து திரும்ப வந்து, பிறகுதான் விஷுவல் ஸ்டுடியோ. மடி ஆசாரம் மாதிரி. என் மனைவி அதற்கு 'பூஜை டிவி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். வேகம், ஆயுள், கிளார்க்கின் விரல், எல்லாம் உண்மை. எலெக்ட்ரான் ஒரு முழு குரோமியம் பிரவுசரையே தூக்கிக்கொண்டு வரும், நாலு ஜிபி ரேம் மெஷினில் மூச்சு வாங்கும் என்பதும் உண்மை. இருந்தாலும் வேண்டாம். அங்கே குறைந்தபட்சம் நீ தொடாத வரி தானாக மாறாது. இதைப் போன மாதம் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இந்த வாரம்தான் இன்னொரு ஃபார்மில் 9, 20 வந்து நிற்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட். புது வின்ஃபார்ம்ஸ் ப்ராஜெக்ட், 'மெடிக்கல் பில்லிங்' என்று பெயர். டிசைனருக்கு மேலே மஞ்சள் பட்டை. கீழே, "மேல ஏதோ மஞ்சளா வருதுடா, மூடிடலாம்ல?"

எஸ்.பி. ரோடுக்கு சனிக்கிழமை போகலாம், நானும் வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.