வீட்டு நெட்வொர்க்: கேபிள் இழுத்து சில வருடம் ஓட்டிய அனுபவம்

வீட்டில் வைஃபை எட்டவில்லை, ரவுட்டரை மாற்றலாமா, மெஷ் (மாடிக்கு மாடி வைக்கும் வைஃபை பெட்டிகள்) வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பணத்தில் முதலில் தளத்துக்குத் தளம் நெட்வொர்க் கேபிள் இழுங்கள். புதிதாக வாங்கிய உற்சாகத்தில் சொல்லவில்லை. 2021 கடைசியில் போட்டது, அன்றிலிருந்து எனக்கும் மனைவிக்கும் அலுவலக வேலை, பையனின் வகுப்பு, அப்பாவின் டிவி, வாசல் கேமரா எல்லாம் இதில்தான் ஓடுகிறது.

வீடு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில், 20க்கு 30 அடி மனை. அகலத்துக்கு இடமில்லாததால் மேலே மேலே எழுப்பிய வீடு: கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் நாங்கள், மொட்டைமாடி அறையில் என் மேசை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வீடுகளுக்கு மரச்சட்டமும் மெல்லிய பலகைச் சுவரும்தான், அங்கே ஒரு ரவுட்டரே நன்றாக எட்டும். நமக்குச் சுவர் செங்கல், தளம் கம்பி கட்டிய கான்கிரீட். வைஃபையின் இரண்டு அலைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் ஒடுங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, எங்கள் தெருவிலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள்தான் அடங்க வேண்டும். சிக்னல் கோடு முழுசாகக் காட்டினாலும் வீடியோ கால் திக்குவது இதனால்தான்.

வயர்லெஸ் மெஷ்ஷும் இதைத் தீர்ப்பதில்லை. மேல்மாடிப் பெட்டி கீழ்மாடிப் பெட்டியோடு பேசுவதும் அதே காற்றில், அதே கான்கிரீட் வழியாகத்தான். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் வேலை இரண்டும் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் பிரமாதமாக வேலை செய்யும், அதை மறுக்கவில்லை.

கேபிள் வாங்கியது பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில். கேட்6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி எடுத்து வராதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ. கேபிள் தாராளமாக விற்கிறார்கள், விலை குறைவு, கையில் தூக்கினாலே லேசாக இருக்கும். கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது வேண்டாம். வளைத்து வளைத்துச் சுவரில் கேபிள் முடியும் ஐ.ஓ. பாக்ஸில் அடைக்கும்போது சீக்கிரம் முறிவது அதுதான், கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுத்தால் சூடாவதும் அதுதான். முழுச் செம்பு கேட்6, ஏன் அதற்கு முந்தைய தரமான கேட்5இ கூட, 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) வேகம் தரும். வீட்டுக்கு அது போதும், அதற்கு மேல் தடித்த கேபிள் வாங்கிக் கையொடிய வளைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணா கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நுழைத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். பாதுகாப்புக்கும் ஆகாது, இரைச்சலும் ஏறும். பின்பக்கச் சுவரில் தனிப் பைப் போட்டு, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளை மாடிக்கு ஏற்றினோம். அது இன்று வரை அசையவில்லை.

நடுவில் ஒருமுறை முதல் மாடி இணைப்பு மட்டும் எப்போது சோதித்தாலும் நொடிக்கு 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், சோதித்தால் 94, 95 என்று நிற்கும். நிறையப் பேர் இந்த நிலையில் இன்டர்நெட் கம்பெனியோடு மாதக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். சின்ன கேபிள் டெஸ்டர் ஒன்று போதும், எந்தக் கம்பி என்று விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்குத் தச்சு வேலையின்போது பாக்ஸை அசைத்ததில் ஒன்று கழன்றிருந்தது.

மாடியில் வைக்கும் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றுவது முக்கியம். அப்படியே விட்டால் அது தனியாக முகவரி கொடுத்துத் தனி நெட்வொர்க் நடத்தும், மேலிருக்கும் போனுக்குக் கீழிருக்கும் பிரின்டர் தெரியாது. எல்லாத் தளத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஆனால் சேனல் மட்டும் வேறு வேறு. அப்புறம் ஒளிபரப்பு சக்தியைக் கொஞ்சம் குறையுங்கள். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது போன்தான், கீழ்மாடி சிக்னல் பலமாகக் கசிந்தால் மேலே ஏறி வந்த பிறகும் அது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

கரண்ட் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் நொடியில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி எழும், மீட்டிங்கில் இருக்கும்போது அந்த இரண்டு மூன்று நிமிடம் பெரிய தொல்லை. 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்றை ஃபைபர் பெட்டிக்கும் இன்னொன்றை ரவுட்டருக்கும் போட்டபின் அது நின்றது. வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, அதனால் கம்பெனியின் முனையில் மின்சாரம் இருக்கும்வரை தெரு முழுக்க இருட்டானாலும் நெட் வரும். பேட்டரி நாளாக நாளாகத் தேய்கிறது, ஆரம்பத்தில் தாங்கிய நேரம் இப்போது தாங்குவதில்லை, அதை மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ஏப்ரல், மே மாத இடிமழையில் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் மாடிக் கேபிள் செருகியிருந்த துளை ஒன்று கருகியது. ஃபைபர் கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. வெளியில் ஓடும் செம்புக் கேபிள் கடத்தும். இப்போது இடி தொடங்கினால் அந்த ஒரு ஒயரைப் பிடுங்கிவைக்கிறோம், அம்மாவுக்கே பழகிவிட்டது. மாடிக் கேபிளுக்குப் பதில் ஒரு ஃபைபர் துண்டு போட்டு, இரண்டு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பதுதான் இதற்குச் சரியான தீர்வு, அடுத்த கோடைக்குள் செய்ய வேண்டும்.

பாதுகாப்புக்கு டிவி, கேமரா, ஸ்மார்ட் பிளக் எல்லாம் மற்றவற்றிலிருந்து பிரித்த கெஸ்ட் நெட்வொர்க்கில். பட்டனை அழுத்தியோ பின் எண்ணைப் போட்டோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்தாயிற்று, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு மாற்றியாயிற்று.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறைக்கும், மாடிக்கும் தனியாக ஒரு 25 மி.மீ. பைப், உள்ளே ஒரு நைலான் கயிறு போட்டுத் தளம் ஊற்றச் சொல்லுங்கள். கேபிள் பிறகு எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம்.