அடியோடு மாற்றியதும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

பல்லாயிரம் பக்கங்கள் கொண்ட ஓர் ஆவணத் தளத்தைப் பராமரிக்கும் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் தளத்தை அடியோடு மாற்றிக் கட்டுவதில் போயின. அடுத்த ஏழு ஆண்டுகளாக ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்று மாற்றி வருகிறோம். இரண்டு வழியிலும் வேலை செய்துவிட்டதால், பெரிய தளத்தை வைத்திருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

முழு மாற்றம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து பழைய தளத்தை யாரும் தொடவில்லை. தேடலில் ஆண்டு வாரியாகப் பிரிக்கும்போது ஒரு பிழை வருகிறது என்று எழுதுவார்கள். "புதுத் தளத்தில் சரியாகிவிடும்" என்று பதில் போடுவோம். அரை நாளில் தீர்ந்திருக்கக்கூடிய பிழையை வாசகர்கள் இரண்டு ஆண்டு சுமந்தார்கள். முழு மாற்றத்தின் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் காத்திருப்பைச் சேர்ப்பதே இல்லை. எனக்கு இன்றும் மனதை உறுத்துவது இதுதான்.

ஒரு சனிக்கிழமை இரவு புதுத் தளம் ஏறியது. பார்க்க அழகாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை அஞ்சல்கள் வரத் தொடங்கின. ஆண்டு வாரித் தேடலையே காணோம். குறைவான பேர் பயன்படுத்தும் வசதி என்று டிசைன் கட்டத்தில் எடுத்திருந்தோம். அந்தக் குறைவான பேர்தான் தினமும் வருகிற ஆய்வாளர்கள். அதைவிடப் பெரிய அடி, முகவரிகள் மாறியது. புக்மார்க்குகள், மற்ற தளங்கள் கொடுத்திருந்த லிங்க்குகள் எல்லாம் "பக்கம் இல்லை" என்று சொல்லும் 404 பிழையில் போய் நின்றன. அச்சான புத்தகத்தின் அடிக்குறிப்பில் நம் முகவரி இருந்தால் அதை யாரால் திருத்த முடியும்? நல்ல முகவரி மாறக்கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே எழுதியிருந்தார். நாங்கள் அதைப் படித்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

வருகை குறைந்தது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மெனு, வேகம், முகவரி, தேடல், எழுத்தின் அளவு என எல்லாமே ஒரே இரவில் மாறியிருந்தன. ஒரே வேளையில் பத்து மாத்திரை விழுங்கியவருக்கு உடம்பெல்லாம் தடித்தால் எந்த மாத்திரையைக் குறை சொல்வது? பழையதற்குத் திரும்பவும் வழியில்லை, தரவு புதிய வடிவத்துக்குப் போய்விட்டது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2010 ஆகஸ்டில், பயனர்கள் செய்தி லிங்க்குகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் (Digg) தளம் நான்காம் பதிப்பாக முற்றிலும் மாறி வந்தது. பயனர்கள் விரும்பிய சில வசதிகள் அதில் இல்லை, பெருங்கூட்டம் அதே மாதிரித் தளமான ரெட்டிட் பக்கம் போனது. 2012-இல் டிக் கைமாறியது. டிசைன் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வெளியேறத் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று ஒரு காரணம் கிடைத்தது. பிரவுசர் உலகிலும் இதே கதை உண்டு. 1997-இல் நான்காம் பதிப்பை வெளியிட்ட நெட்ஸ்கேப், நிரலை அடியிலிருந்து எழுதப் போய், 2000-ஆம் ஆண்டு இறுதியில் நேராக ஆறாம் பதிப்புடன் வந்தது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. அதற்குள் சந்தை கையைவிட்டுப் போயிருந்தது.

சரி, அப்புறம் நாங்கள் பிடித்த வழிக்கு வருகிறேன்.

பனை மரத்தின் உச்சியில் ஆலஞ்செடி முளைத்து, விழுதிறக்கிச் சுற்றிக்கொண்டு, மெல்ல அந்த இடத்தையே தனதாக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருளில் இதே முறைக்கு, மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் அப்படி வளரும் ஓர் அத்தி இனத்தின் பெயரையே வைத்தார். செய்முறை எளிது. வாசலில் ஒரு சர்வரை நிறுத்துங்கள். வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் அது முகவரியைப் பார்த்துப் பிரிக்கும். தேடல் பக்கம் கேட்டால் புதிய நிரலுக்கு, மற்றதெல்லாம் பழைய நிரலுக்கு. புதியது சொதப்பினால் ஒரு வரியை மாற்றிப் பழையதற்கே திருப்பிவிடலாம். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே தளம்.

எதை முதலில் மாற்றுவது? மேலே இருப்பவர்களைக் கேட்டால் முகப்புப் பக்கம் என்பார்கள், அவர்கள் பார்ப்பது அதைத்தான். நாங்கள் யார் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாக்கைப் பார்த்தோம். பெரும்பாலானோர் தேடுபொறியிலிருந்து நேராக ஏதோ ஒரு உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். எனவே உள்பக்க டெம்ப்ளேட்டிலிருந்து, அதாவது அந்தப் பக்கங்களுக்கெல்லாம் பொதுவான வடிவத்திலிருந்து, தொடங்கினோம். முகப்பு எங்கள் வரிசையில் ஆறாவதாக வந்தது.

இரண்டாவது தேடல் பெட்டி. இங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டேன். விடையே கிடைக்காத தேடல்களை வாரந்தோறும் பட்டியல் எடுத்துப் படித்தோம். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஆவண எண்ணை இடைவெளி விட்டு அடித்திருந்தார்கள். சிலர் முழுக் கேள்வியையே எழுதியிருந்தார்கள். வாரம் ஒன்றிரண்டைச் சரிசெய்தோம், தோற்றத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் ஓராண்டில், எதுவும் கிடைக்கவில்லை என்று வந்துகொண்டிருந்த அஞ்சல்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. தொலைந்துபோன ஆண்டு வாரித் தேடலும் அப்போதுதான் திரும்ப வந்தது. அதைக் கேட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் நானே பதில் எழுதினேன்.

மாற்றத்தை முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் காட்டுவோம், பிறகு இருபத்தைந்து, பிறகு எல்லாருக்கும். ஒருமுறை தரவிறக்கப் பட்டனை வலப்பக்கத்தில் வண்ணப் பெட்டிக்குள் வைத்தோம். எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தோம். அழுத்துகிறவர்கள் குறைந்தார்கள். விளம்பரம் போலத் தெரிகிற எதையும் கண் தானாகவே தாண்டிவிடும் என்பது அன்று புரிந்தது. ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். மாற்றியது ஒன்றுதான் என்பதால் காரணம் கண்ணெதிரே இருந்தது.

வேகத்துக்குக் கூகுளின் அளவுகோலை வைத்துக்கொண்டோம். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், அழுத்தினால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும், அதுவும் நூற்றில் எழுபத்தைந்து வருகைகளுக்காவது. எங்கள் அலுவலகக் கணினியில் வேகமாக இருந்து பயனில்லை. மெதுவான மொபைலில் வருகிறவருக்கு எப்படி இருக்கிறது என்பதே கணக்கு.

முகவரிகளில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பக்கம் இடம் மாறினால் அன்றே 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாடு. பிரிட்டன் அரசு 2012 அக்டோபரில், அரசுத் துறைகளை ஒரே இடத்தில் சேர்க்கும் கவ்.யூகே (GOV.UK) தளத்தைத் தொடங்கியபோது அது புதிதாகக் கட்டியதுதான். ஆனாலும் பழைய முகவரிகள் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். துறைகளின் தளங்களும் ஒரே நாளில் வரவில்லை, 2014 முடியும்வரை அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. புதிதாகக் கட்ட நேர்ந்தாலும் இப்படிச் செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அது.

வெறும் வாசகராக நான் அனுபவித்ததில் விக்கிப்பீடியாவின் மாற்றத்தை மதிக்கிறேன். 2010-இல் வந்த தோற்றத்துக்கு என் கை பழகியிருந்தது. 2020 முதல் சில மொழி விக்கிகளில் ஒவ்வோர் அம்சமாக முயன்றுவிட்டு, 2023 ஜனவரியில்தான் ஆங்கில விக்கிக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளடக்கப் பட்டியல் பக்கவாட்டுக்கு வந்து, கீழே போகப் போகக் கூடவே நிற்கிறது. மொழி மாற்றும் பட்டன் தலைப்பருகே வந்தது. வரியின் அகலம் குறைந்ததைப் பலர் எதிர்த்தார்கள். அகலமாக்கிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தது. கணக்கு வைத்திருப்பவர்கள் பழைய தோற்றத்தையே தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடிந்தது. நான் முதல் வாரம் பழையதற்குப் போனேன், இரண்டு மாதம் கழித்து நானாகவே புதியதற்கு வந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். இருள் தோற்றம் 2024-இல் வந்தபோது பழக எதுவுமே இருக்கவில்லை.

இந்த வழியிலும் கஷ்டங்கள் உண்டு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எங்கள் தளம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் புதிய எழுத்துரு, அடுத்த பக்கத்தில் பழையது. சில பக்கங்களில் இரண்டு வகை ஸ்டைல் கோப்புகளும் சேர்ந்து இறங்கி, இடையில் வேகம் குறையவே செய்தது. குறைவான வருகை உள்ள பக்கங்களில் நூற்றில் ஐந்து பேர் என்ற சோதனையால் பயனில்லை, ஐந்தாறு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கே நான்கு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பயன்படுத்துவதைப் பார்ப்பதுதான் வழி. அடித்தளமே தவறாக இருந்தால் சின்னச் சின்னத் திருத்தங்களும் உதவாது. எங்கள் ஆவணங்களில் நூலாசிரியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் ஒரே கட்டத்தில் கிடந்தன. அதைப் பிரிக்க ஆறு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய வேலையாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. அப்போதும் வெளித்தோற்றத்தைத் தொடவில்லை.

இன்னொன்று, வாழ்த்துச் சொல்ல ஒரு திறப்பு நாள் இதில் கிடையாது. "இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்?" என்று நிர்வாகம் கேட்டால் காட்டப் புதுப் பளபளப்பு இருக்காது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பிருந்த அளவு, பின்பு வந்த அளவு, மாற்றிய காரணம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கத் தொடங்கினோம். அந்தக் கோப்பு இப்போது நல்ல தடிமன். புதிதாகக் குழுவில் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.

பதினொரு பழைய டெம்ப்ளேட்டுகளில் இன்னும் இரண்டு பாக்கி. ஒன்று நகல் கேட்டு விண்ணப்பிக்கும் ஃபார்ம். அடுத்த மாதம் அதன் புதிய வடிவம் நூற்றில் ஐந்து பேருக்குப் போகிறது. "பழைய படிவத்தையே பயன்படுத்துகிறேன்" என்ற லிங்க்கை அதன் மேலேயே வைத்திருக்கிறோம். அதை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று தினமும் பார்ப்போம்.