ஹைதராபாத்: இரண்டு அருங்காட்சியகங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

ஹைதராபாத்துக்குச் செல்லவிருப்பவர்கள், அதிலும் வயதானவர்களை உடன் அழைத்துச் செல்பவர்கள், ‘ஒருநாள் அருங்காட்சியகச் சுற்றுலா’ என்ற பெயரில் விற்கப்படும் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் எங்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் மேசை போட்டு அமர்ந்திருந்த பயண முகவர், சாலார் ஜங் அருங்காட்சியகமும், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் நிஜாம்களின் சௌமஹல்லா அரண்மனையும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதாகவும், ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது நடவாத காரியம் என்றும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் கார், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,400 ரூபாய் என்றும் கூறினார். விவிலியத்தில் வரும் ரெபெக்காவை முக்காடிட்ட கோலத்தில் காட்டும் பளிங்குச் சிலையைப் பார்க்க வேண்டும் என்பது என் அம்மாவின் நெடுநாள் ஆசை என்பதால் சாலார் ஜங்கைத் தேர்ந்தெடுத்தோம்.

உண்மையில் இரண்டுக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர்தான். சாலார் ஜங் மூசி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. அங்கிருந்து பத்தர்கட்டி கடைவீதி வழியாகச் சார்மினாரை அடைந்தால், சௌமஹல்லாவுக்கு நடந்தே போய்விடலாம். இந்த ஒரு பொய்யை வைத்துத்தான் மற்ற அனைத்தும் நடந்தன. காலையில் புறப்பட்ட கார் முதலில் ஒரு முத்துக் கடையின் வாசலில் நின்றது. ‘அரசு அங்கீகாரம் பெற்ற கடை, பார்த்தால் போதும், வாங்க வேண்டியதில்லை’ என்றார் வழிகாட்டி. பிறகு இன்னொரு முத்துக் கடை, அதன்பின் சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில் ஒரு வளையல் கடை. அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம், இப்போது கூட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் குறைந்துவிடும் என்றே பதில் வந்தது. பார்க்கவே முடியாது என்று சொல்லப்பட்ட சௌமஹல்லாவுக்கு நடக்கும் தூரத்தில், வாங்க விருப்பமில்லாத வளையல்களுக்கு எதிரே என் அம்மா உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

சாலார் ஜங் மாலை 5 மணிக்கு மூடப்படும். எங்களை அங்கே இறக்கிவிட்டபோது 4 மணியாகிவிட்டது. நுழைவுச்சீட்டுக்கும் எங்களிடமே பணம் கேட்டார்கள். ஏறத்தாழ 40 காட்சிக்கூடங்கள் கொண்ட இடம் அது. ஹைதராபாத் நிஜாமின் பிரதமராக இருந்த மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய பொருள்களும் அவருடைய முன்னோர் சேர்த்தவையும் அங்கே இருக்கின்றன. ரெபெக்கா சிலை, இத்தாலியச் சிற்பி ஜியோவானி மரியா பென்சோனி வடித்தது. முதலாம் சாலார் ஜங் அதை 1876ஆம் ஆண்டு ரோமில் வாங்கினார். கல்லில் செதுக்கிய முக்காடு முகத்தின் மேல் மெல்லிய துணியாகவே படிந்திருப்பதை நின்று பார்த்தால்தான் உணர முடியும். அம்மாவுக்கு அங்கே கிடைத்தது சில நிமிடங்கள். அதற்குள் வழிகாட்டி வெளியே வரும்படி அவசரப்படுத்தினார். ஒரே மரத்தின் முன்புறம், கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தில் வரும் சாத்தான் மெஃபிஸ்டோபிலிஸாகவும் பின்புறம் அதே நாடகத்தின் நாயகி மார்கரெட்டாவாகவும் செதுக்கப்பட்ட சிலையையும், ஒவ்வொரு மணிக்கும் சிறு பொம்மை வெளிவந்து மணியடிக்கும் இசைக் கடிகாரத்தையும் நாங்கள் பார்க்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முகவர் ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் ‘நகரச் சுற்றுலா’ என்று மட்டும் இருந்தது. அருங்காட்சியகத்தின் பெயரோ, சேரும் நேரமோ, நுழைவுச்சீட்டு பற்றிய குறிப்போ எதுவும் இல்லை. விடுதி மேலாளரும் அந்த மேசைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். இத்தகைய பயணத்துக்குப் பணம் கட்டியே தீர வேண்டும் என்றால், இந்த மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம்; நாங்களும் அளித்திருக்கிறோம்.

முகவர் இல்லாமலே இரண்டையும் பார்த்துவிடலாம் என்பதே என் கருத்து. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். காலை 10 மணிக்குச் சாலார் ஜங் திறந்ததும் நுழைந்து, 12 மணி அடிக்கும்போது கடிகாரத்துக்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை அடிப்பதைக் காண முன்கூட்டியே கூட்டம் சேர்ந்துவிடும். உணவுக்குப் பின் ஒரு ஆட்டோ பிடித்தால் சௌமஹல்லாவின் தர்பார் மண்டபத்தையும் அதன் சரவிளக்குகளையும் நிஜாம்களின் பழைய கார்களையும் மாலைக்குள் நிதானமாகப் பார்க்கலாம்.